கண்டல்முனைக்குக் கிடைத்த முதற்பரிசு

கண்டல்முனைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு இருந்தது, அதில் இருபத்துமூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். வாத்தியார் மட்டும் இல்லை. முன்னே இருந்த சோமசேகரம் மாஸ்டர், கடற்காற்று தன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்தியச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு எழுபத்துமூன்றாம் ஆண்டு மார்கழியில் திருகோணமலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அங்கே அவர் வாடகைக்கு எடுத்த வீடு கடற்கரையைப் பார்த்தபடி இருந்தது.

பள்ளிக்கூடம் என்பது கிடுகு வேய்ந்த ஒரே நீள மண்டபம். நடுவில் தடுப்புக் கிடையாது. ஆகவே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இடக் காதால் இரண்டாம் வகுப்புப் பாடத்தையும் வலக் காதால் நாலாம் வகுப்புப் பாடத்தையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். நாலாம் வகுப்பைத் தலைமை வாத்தியார் லாபிர் மாஸ்டரும், இரண்டாம் வகுப்பைச் சித்தி பரீதா டீச்சரும் பார்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தியது மூன்றாம் வகுப்புக்கும் சேர்த்துத்தான்.

அந்த இருபத்துமூன்றில் ஒருத்தி ஜமால்தீனுடைய மகள் லைலா. ஜமால்தீன், மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே கண்டல்முனைத் துறையையும் தொட்டு ஓடுகிற லோஞ்சுப் படகில் கயிறு போடுகிறவன். துறைக்கு வந்தால் கட்டுவான், புறப்பட்டால் அவிழ்ப்பான். எழுத்து அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தியில் வீட்டுக்கு வந்து முகம் கழுவி உட்கார்ந்தானென்றால், மனைவி மைமூனா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்க, கடையில் சீனி சுற்றித் தந்த பேப்பர் துண்டை விரித்து லைலா வாசிப்பாள். "பிறகு?" என்பான் ஜமால்தீன். தாள் கிழிந்த இடத்தோடு செய்தி நின்றுவிடும். பிறகு என்ன நடந்திருக்கும் என்று தகப்பனும் மகளுமாகச் சொல்லி முடிப்பார்கள். எத்தனையோ கள்வர்களை அவர்கள் இப்படிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் வாசிப்பு இடையிடையே நின்றது. ஒரு நாள் அவள் ஒரு சொல்லை நன்றாகத்தான் வாசித்தாள். அதற்கு என்ன கருத்து என்று ஜமால்தீன் கேட்டான்.

"தெரியா வாப்பா. எழுத்துக் கூட்டுறதை ரெண்டாம் வகுப்பிலேயே சித்தி பரீதா டீச்சர் சொல்லித் தந்திட்டா. கருத்து மூணாம் வகுப்பிலதான் சொல்லித் தருவாங்களாம்."

அந்தப் பதிலை அவனால் விழுங்க முடியவில்லை. தான் எழுத்துத் தெரியாமல் நின்றது போல, மகள் கருத்துத் தெரியாமல் நின்றுவிடுவாளோ என்று பயந்துபோனான். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நின்று ஆட்களைச் சேர்த்து, லாபிர் மாஸ்டரைக் கொண்டு மனு எழுதுவித்து, இருபத்துமூன்று பெருவிரல்களையும் மையில் தோய்த்துப் பதிப்பித்து அனுப்பி வைத்தான். மூன்றாம் வகுப்புக்கு ஒரு வாத்தியார் தேவை. மனுவில் இருந்தது அந்த ஒரு வரிதான்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. கல்விக் காரியாலயத்தில் 'வீட்டுக்கல்வி ஊக்குவிப்புப் பிரிவு' என்று ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். வாத்தியார் அனுப்ப ஏலாத காரியாலயம், அதற்குப் பதிலாக ஒரு திட்டத்தை அனுப்பியிருந்தது. திட்டத்துக்குத் தங்குவதற்கு அறை வேண்டாம், கடற்காற்றும் அதை ஒன்றும் செய்யாது. திட்டத்தின் பெயர் 'வீடே முதற் பள்ளி'. பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்விக்கு வீட்டில் ஒத்துழைக்கிறார்கள் என்பது நிரூபிக்கப்பட்ட பின்னரே ஆசிரியர் நியமனம் பரிசீலிக்கப்படும் என்று கடிதம் சொன்னது.

திட்டத்தை விளக்குவதற்காக அதிகாரி பாக்கியரத்தினம் நேரிலே வந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. சேறு படாமல் அவரைத் துறையிலிருந்து கூட்டிவர மூதூரிலிருந்து மாட்டுவண்டி பிடிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டுப் பெற்றோரை வாங்குப் பலகையில் இருத்தினார்கள்.

"பெற்றோர்களே!" என்றார் பாக்கியரத்தினம். "ஆராய்ச்சியில கண்டிருக்கினம். ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலந்தான் பள்ளிக்கூடத்தில நிக்குது. மிச்சப் பத்தொன்பது மணித்தியாலமும் உங்களிட்டைத்தான் இருக்குது. அப்ப அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறேல்லை எண்டால் அது ஆரின்ர பிழை? நான் எங்கட காரியாலயத்துக்காகக் கதைக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. கணக்குச் சொல்லுது."

பத்தொன்பதில் பத்து மணித்தியாலம் பிள்ளை நித்திரை கொள்கிறது என்பதை அந்தச் சபையில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதிகாரிக்குத் தெரியாததையா நாம் சொல்வது என்ற மரியாதைதான்.

"என்ர வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கோவன். என்ர மகன் படிக்கிற நேரத்தில நான் ஒரு நாளும் போய்க் குழப்பினதில்லை. அவன் மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ, அது என்ர மனிசிக்குத் தெரியும். பின்னேரத்தில ஒரு மாஸ்டர் வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுக்கிறார். ஆர் எண்டு நினைக்கிறியள்? உங்கட சோமசேகரம் மாஸ்டர்தான்! இப்ப அந்த மனுசனுக்கு நல்ல சுகம். அப்பிடி வீட்டில ஒரு சூழலை உண்டாக்க வேணும். அதை நீங்கள் செய்யிறியளோ?"

ஜமால்தீன் லாபிர் மாஸ்டரைப் பார்த்தான். லாபிர் மாஸ்டர் கூரையைப் பார்த்தார். அவருக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

பிறகு விதிகளை வாசித்தார்கள். வீடு தோறும் ஒரு படிப்பு மூலை வேண்டும். அந்த மூலையில் ஒரு மேசை, ஒரு கதிரை. சுவரில் நேரசூசி, அதாவது நேர அட்டவணை. நாலு மணி முதல் ஆறு மணிவரை பிள்ளை அந்த மேசையில் படிக்க, பெற்றாரில் ஒருவர் பக்கத்தில் இருந்து ஊக்கமூட்டும் முறையில் புன்னகை செய்ய வேண்டும். பல்லைக் காட்டுவதா உதட்டோடு நிறுத்துவதா என்று கட்டைபறிச்சான் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு மனுஷி உண்மையாகவே கேட்டாள். சுற்றறிக்கையில் அது குறிப்பிடப்படவில்லை, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று பாக்கியரத்தினமும் உண்மையாகவே எழுதிக்கொண்டார்.

வாசிப்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட புத்தகம் ஒன்று உண்டு. அது இன்னும் அச்சாகவில்லை. அது வரும்வரை வேறு எதையும் பிள்ளைக்கு வாசிக்கக் கொடுக்கக் கூடாது.

"ஐயா, எண்ட மகள் சீனி சுத்தி வாற பேப்பரை வாசிப்பா" என்றான் ஜமால்தீன், ஏதோ கொஞ்சம் ஒத்துழைத்துவிட்டோம் என்ற நினைப்பில்.

பாக்கியரத்தினத்தின் முகம் சுருங்கியது. "அதெல்லாம் கண்டபடி அறிவை வளர்க்கிற வேலை. உடனடியாக நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி நான் மேற்பார்வைக்கு வாறபோது புள்ளி குறையும்."

வாத்தியார் வர வேண்டுமே. அன்று அந்தியிலிருந்து சீனித்தாள் வாசிப்பு நின்றது. லைலா நாலு மணிக்கு வெறும் நிலத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். மைமூனா பக்கத்தில் இருந்து மீன் அரிந்தபடியே சிரித்தாள். லோஞ்சிலிருந்து வந்த ஜமால்தீன், இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குசினிக்குள் போய்க் குடித்தான்.

அடுத்த சிக்கல் மேசை. கண்டல்முனையில் அப்போது மேசை இருந்த வீடு ஒன்றுகூட இல்லை. சாப்பாடு பாயில், கூட்டம் பாயில், கலியாணப் பேச்சும் பாயில். ஊரிலே மொத்தம் இரண்டே மேசைகள், அவை இரண்டும் பள்ளிக்கூடத்தில் இருந்தன. ஒன்று லாபிர் மாஸ்டருடையது, மற்றது சித்தி பரீதா டீச்சருடையது.

"வேறென்ன செய்யிற?" என்றார் லாபிர் மாஸ்டர். "பள்ளிக்கூடத்து மேசையை வீட்டுக்குக் கொண்டு போவம். படிப்பு வீட்டிலதான் நடக்குதாமே."

மேற்பார்வை நாளுக்காக ஊரே வேலை செய்தது. அதிகாரி முன் வீதியால் வீடு வீடாக வருவார். மேசைகள் பின் வளவுகளால் அவருக்கு முந்திப் போக வேண்டும். அவர் ஒரு வீட்டில் ஒரு மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்ற மேசை அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்காக இருபத்துமூன்று வீட்டு வேலியிலும் மேசை நுழைகிற அகலத்துக்குக் கடப்பு வெட்டினார்கள். லோஞ்சை ஓட்டுகிற முஹம்மது தம்பிக் காக்கா, அதிகாரி ஏறியிருந்தால் துறையை நெருங்கும்போது இரண்டு தரம் ஊதுவதாக ஒப்புக்கொண்டார். நெல்லு வெட்டுக்குக்கூட அந்த ஊர் அவ்வளவு ஒற்றுமையாகக் கூடியதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை லோஞ்சு இரண்டு தரம் ஊதியது. கயிற்றைக் கட்டிவிட்டு, லோஞ்சு திரும்பப் புறப்படும்வரை லீவு சொல்லி, ஜமால்தீன் குறுக்குப் பாதையால் ஓடினான். பள்ளிக்கூடத்தை அன்று மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டில் படிப்பதைக் காட்ட வேண்டுமானால் பள்ளிக்கூடத்தில் இருக்க முடியாதல்லவா? படிக்கிற நேரம் நாலு மணி, மேற்பார்வை நேரமோ பதினொரு மணி. ஆகவே அன்றைக்குப் பதினொரு மணியை நாலு மணியாகக் கருதலாம் என்று பாக்கியரத்தினம் அனுமதி வழங்கினார்.

வீடு வீடாகப் போகப் போக அவருடைய முகம் மலர்ந்தது.

"எல்லா வீட்டிலயும் மேசை ஒரே தரம். அதே உயரம். அந்த மைக்கறைகூட ஒரே இடத்தில. ஒரே தச்சன் செய்ததோ?"

"ஓம் ஐயா. ஒரே தச்சன்தான்" என்றார் லாபிர் மாஸ்டர். அதில் பொய் கிடையாது.

"வேலியெல்லாம் பின்னுக்கு வெட்டி விட்டிருக்கிறியள். காற்றோட்டத்துக்குத்தானே? இது எங்கட சுற்றறிக்கையிலகூட இல்லை!" என்று சொல்லி, அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த சுற்றறிக்கையில் அது வந்தும் விட்டது.

இருபத்தோராவது வீட்டு வேலியில் இடறி ஒரு மேசையின் கால் கழன்றது. கடைசி வீடு ஜமால்தீனுடையது. அந்த மேசைதான் அவனுக்கு வந்து சேர்ந்தது. கால் இல்லாத மூலைக்குக் கீழே ஜமால்தீன் தன் முழங்காலைக் கொடுத்து, மகளை ஒட்டி உட்கார்ந்து, சிரித்துக்கொண்டிருந்தான். முழங்கால் விறைத்துவிட்டது. மேசை சரிந்தால் வாத்தியார் போய்விடுவார் என்பதால் அவன் மூச்சைக்கூட அளந்துதான் விட்டான்.

"பாத்தியளே! தகப்பன் எவ்வளவு நெருக்கமாய் இருக்கிறார்! பிள்ளையை விட்டு ஒரு அங்குலம் அசையிறாரில்லை!" என்று வியந்தார் பாக்கியரத்தினம். நூற்றுக்கு நூறு போட்டார்.

பிறகு பையிலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்தார். பெற்றோரின் பிரகடனம். ஊருக்காக ஒருவர் கையெழுத்து வைத்தால் போதும், ஆனால் அது கையெழுத்தாக இருக்க வேண்டும். பெருவிரல் செல்லாது, ஏனென்றால் பெருவிரல் விஷயத்தை விளங்கிக்கொண்டுதான் பதிந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லையாம்.

இதையும் அன்றைக்கு விதிகளோடு வாசித்திருந்ததால் அதற்கும் ஊர் தயாராக இருந்தது. ஒரு மாதமாக லைலா தன் வாப்பாவுக்குக் கையெழுத்துப் பழக்கியிருந்தாள். கடற்கரை ஈர மணலில் அவள் எழுத, அவன் அதன் மேலே விரலை ஓட்ட, அலை வந்து அழிக்க, மறுபடியும். நடு எழுத்தில் அவன் தடுமாறும்போதெல்லாம் "காரியமில்லை வாப்பா, இன்னொருக்கா" என்பாள். வீட்டிலே பெற்றாரும் பிள்ளையும் பக்கத்தில் இருந்து படித்த படிப்பு என்று அந்தத் திட்டத்தில் நடந்தது அது ஒன்றுதான். அதற்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. தன் பெயரை முதன்முதலாக முழுதாக எழுதிய அன்று ஜமால்தீன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தான்.

"இதில என்ன எழுதியிருக்கு ஐயா?" என்று கேட்டான் இப்போது.

"சும்மா வழமையான வசனங்கள்தான். நீங்கள் வீட்டில பிள்ளைகளை நல்லாய்ப் பாக்கிறியள் எண்டு."

லைலா தலையை நீட்டித் தாளைப் பார்த்தாள். "பிள்ளை, கண் புத்தகத்தில இருக்க வேணும்!" என்று அதட்டினார் பாக்கியரத்தினம். முன்னே புத்தகம் எதுவும் இல்லை, அது இன்னும் அச்சாகவில்லை. அவள் மேசையின் மைக்கறையைப் பார்த்துக்கொண்டு குனிந்தாள். வாசித்துக் காட்டியிருக்கக்கூடிய லாபிர் மாஸ்டர், அந்த நேரம் இரண்டாவது மேசையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். துறையில் லோஞ்சு ஊதியது. ஜமால்தீன் போகாவிட்டால் கயிறு அவிழ்க்க ஆளில்லை. முழங்காலில் மேசையைத் தாங்கியபடி, கோணல் மாணல் இல்லாமல், தன் பெயரை அவன் எழுதினான். பெருமையாகத்தான் எழுதினான்.

"முத்து முத்தான எழுத்து" என்று மெச்சினார் பாக்கியரத்தினம்.

ஆறு வாரம் கழித்து லோஞ்சு மறுபடி இரண்டு தரம் ஊதியது. அன்று திருகோணமலையிலேயே ஜமால்தீன் ஏறுகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கியரத்தினம் வந்தார், கையில் பேப்பர் சுற்றிய பெரிய சட்டம் ஒன்று. அவருக்குப் பின்னால் குடையும் பெட்டியுமாக ஒரு இளம் பெண். ஜமால்தீன் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினான்.

"நீங்கதானே புது டீச்சர்?"

"இல்லைங்கோ. நான் கிளிவெட்டிக்குப் போற மருத்துவிச்சி."

பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூடியது. சட்டத்தைச் சுற்றியிருந்த பேப்பரைக் கழற்றினார்கள். 'வீடே முதற் பள்ளி, முதற்பரிசு, கண்டல்முனை.' பாக்கியரத்தினம் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருபத்துமூன்று வீட்டுக்கும் நிறைந்த புள்ளி! மாகாணத்திலயே வேற ஊர் இல்லை. திருகோணமலையில இருக்கிற பெற்றோருக்கு இப்பிடி ஏலாது. பாவங்கள், கந்தோர் வேலையால களைச்சு வருகினம். அவையளின்ர பிள்ளையளுக்குத்தான் வாத்திமார் கட்டாயம் தேவை. ஆகவே காரியாலயம் நல்லாய் யோசிச்சு ஒரு முடிவு எடுத்திருக்குது. மூன்றாம் வகுப்பு இந்த ஊரில வீட்டிலயே பூரணமாய் நடக்கிற படியால், இனி அதுக்கு ஆசிரியர் தேவையில்லை. இரண்டாம் வகுப்பையும் நீங்கள் சமாளிப்பியள் எண்டு எங்களுக்கு நம்பிக்கை இருக்குது. சித்தி பரீதா டீச்சரைத் திருகோணமலைக்கு எடுக்கிறம். என்ர மகன் படிக்கிற பள்ளிக்கூடந்தான், நல்ல இடம். எல்லாரும் கை தட்டுங்கோ."

பின்னால் வாங்கில் இருந்த யாரோ ஒருவன் பழக்கத்தில் கை தட்டிவிட்டு நிறுத்தினான். ஜமால்தீன் எழுந்தான்.

"ஐயா, நாங்க கேட்டது ஒரு வாத்தியாரை. இருக்கிறதையும் கொண்டு போறீங்களே! இது என்ன ஞாயம்?"

பாக்கியரத்தினம் கோபிக்கவில்லை. தாள் கட்டை விரித்துக் கடைசித் தாளைக் காட்டினார். "'எமது பிள்ளைகள் வீட்டிலேயே பூரண கல்வி பெறுகின்றனர், மேலதிக ஆசிரியர் எமக்கு அவசியமில்லை.' இது நீங்கள் தந்த பிரகடனம். கீழ இருக்கிறது ஆரின்ர கையெழுத்து?"

மணலில் நூறு தரம் அலை அழித்த எழுத்து, அந்தத் தாளில் அழியாமல் இருந்தது.

"எண்டதான்" என்றான் ஜமால்தீன்.

"பிறகென்ன?" என்றார் பாக்கியரத்தினம்.

அன்று பின்னேரம் சித்தி பரீதா டீச்சர் தன் தகரப் பெட்டியோடு லோஞ்சில் ஏறினார். கரையில் பிள்ளைகள் வரிசையாக நின்று அழுதார்கள். டீச்சரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கயிறு அவிழ்க்க வேண்டியவன் ஜமால்தீன். கைப்பழக்கத்தில் ஒரு நொடியில் அவிழ்கிற முடிச்சு, அன்றைக்கு நெடுநேரம் பிடித்தது. முஹம்மது தம்பிக் காக்கா ஊதவேயில்லை, அவனாக அவிழ்க்கும்வரை காத்திருந்தார்.

இருக்கையில் உட்கார்ந்திருந்த பாக்கியரத்தினம் எட்டி ஒரு தாளை நீட்டினார். "மறந்திட்டன். பரிசு கிடைச்சதுக்கு நன்றிப் படிவம். வாற வியாழக்கிழமை கையெழுத்து வைச்சுத் தாங்கோ."

வீட்டில் லைலா நேரசூசிப்படி மூலையில் இருந்தாள். ஜமால்தீன் போய் அந்த நேரசூசியைக் கிழித்து அடுப்பங்கரையில் போட்டான். மைமூனா அன்று சிரிக்கத் தேவையில்லை என்று தெரிந்து மூச்சு விட்டாள். அவன் நன்றிப் படிவத்தை மகளிடம் கொடுத்தான்.

"வாசி மகள். ஒரு எழுத்து விடாம வாசி. இனி நீ வாசிச்ச பிறகுதான் வாப்பாட கையெழுத்து."

அவள் விரல் வைத்து வாசித்தாள். "ஆசிரியை விடுவிக்கப்பட்டமைக்கு எமது மனப்பூர்வமான இணக்கத்தைத் தெரிவிக்கின்றோம்."

"இணக்கம் எண்டா என்ன மகள்?"

லைலா அந்தச் சொல்லை மறுபடி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்தபடி சொன்னாள்: "கருத்துத் தெரியா வாப்பா. அது மூணாம் வகுப்பிலதான் வரும்."

அடுத்த வியாழக்கிழமை திருகோணமலைத் துறையில் பாக்கியரத்தினம் கையை நீட்டியபோது, ஜமால்தீன் வெறும் படிவத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தான்.

"எண்ட மகள் இந்தச் சொல்லில வந்து நிக்கிறா ஐயா. இதுக்குக் கருத்துச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளை அனுப்புங்க. அவ படிச்சு எனக்குச் சொல்லட்டும். அதுக்குப் பிறகு கையெழுத்து வைக்கிறதா இல்லையா எண்டு நான் யோசிக்கிறன்."

சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டான்.

கண்டல்முனைப் பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்விக்கு ஒத்துழைப்பதில்லை என்று அந்த மாத அறிக்கையில் எழுதினார்கள். அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.